பைல் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறதே!

ஸ்ரீரங்கத்தில் என் மாமா சில கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். 2006-ல் ஒருவர் லினக்ஸில் எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் கணக்கெல்லாம். சோர்ஸ் கோடு கையில் இல்லை; எழுதியவர் எங்கே என்றும் தெரியாது. சென்ற மாதம் மதர்போர்டு போய்விட்டது. நான் திருச்சியில் புதிய 64 பிட் கம்ப்யூட்டர் வாங்கி, டெபியன் 13 நிறுவி, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புரோகிராமைக் காப்பி செய்தேன். இயக்கினால், அப்படி ஒரு பைலே இல்லை என்கிறது. பைலோ கண்ணெதிரே இருக்கிறது!

"பழசுல நல்லாத்தானேடா ஓடிச்சு?" என்றார் மாமா.

இந்தச் செய்தியைப் பார்த்துப் பைலைத் தேடி அலையாதீர்கள். இல்லாதது புரோகிராம் அல்ல; அதை மெமரியில் ஏற்றும் 32 பிட் லோடர். டிபிகேஜி கட்டளை மூலம் ஐ386 ஆர்க்கிடெக்சரைச் சேருங்கள். ஆப்ட் பட்டியலைப் புதுப்பித்து, லிப்சி6-ன் ஐ386 பதிப்பை நிறுவுங்கள். இன்னும் ஏதாவது லைப்ரரி விட்டுப் போயிருந்தால் எல்டிடி கட்டளை அதன் பெயரைச் சொல்லும். எனக்கு லிப்சி6 மட்டுமே போதுமானதாக இருந்தது.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் ஐ386-க்கு இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் கிடையாது. பழைய புரோகிராம்களுக்காக லைப்ரரிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த லைப்ரரிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் நொடிகளாக, 32 பிட்டில் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8.44.07-உடன் அந்த எண் நிரம்பிவிடும். 32 பிட் ஏஆர்எம்முக்கான லைப்ரரிகளை டெபியன் 13-ல் 64 பிட் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஐ386-ல் கை வைக்கவில்லை. வைத்தால், புரோகிராம் 4 பைட் எதிர்பார்க்கும் இடத்தில் லைப்ரரி 8 பைட் தரும். பழைய பைனரிகள் குழம்பிவிடும்.

மாற்றாமல் விட்டதுதான் சரி என்பேன். சோர்ஸ் வைத்திருப்பவர் மறுபடி கம்பைல் செய்துகொள்வார். பைனரி மட்டும் வைத்திருக்கும் என் மாமா என்ன செய்வார்? ஆனால் ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. 15 வருடக் குத்தகை ஒன்றைப் பதிந்து பார்த்தேன். புரோகிராம் நொடிகளைக் கூட்டி, குத்தகை முடியும் ஆண்டு 1904 என்றது!

"அப்போ இந்தக் கடையே கட்டலியேடா!"

ஆக, 2038 வரை காத்திருக்க வேண்டியதில்லை. தவறு இன்றே வருகிறது. உங்கள் பழைய புரோகிராமிலும் 2040-ல் ஒரு தேதி வருமாறு கொடுத்துப் பாருங்கள்.

கணக்குகளை டெக்ஸ்ட் பைலாக எடுத்து லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஏற்றி வருகிறேன். அதுவரை பழைய புரோகிராம் வாடகை ரசீது மட்டும் போடும். குத்தகைத் தேதிகளை மாமா நோட்டில் எழுதி வைக்கிறார்.