நாளந்தா கற்பிக்கும் பாடம்

பீகாரில் ராஜகிருஹத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கு நடுவே நாளந்தா மகாவிகாரையின் சிதைவுகள் உள்ளன. ராஜகிருஹத்திற்கு யாத்திரை வரும் அன்பர்கள் காலையில் புறப்பட்டு, வழிகாட்டியுடன் இவற்றைக் கண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

வழிகாட்டி முதலில் காட்டுவது செங்கற்சுவர்களை. நடுவே முற்றம், சுற்றிலும் துறவியர் தங்கிய சிற்றறைகள். குப்தப் பேரரசர் முதலாம் குமாரகுப்தர் காலத்தில், 5ஆம் நூற்றாண்டில் தோன்றிய கல்விச்சாலை இது. இன்று எஞ்சியிருப்பவை கூரையற்ற சுவர்களே. அப்படியாயின் இங்கே கற்பிக்கப்பட்ட ஞானம் எங்கே போயிற்று?

7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் இங்கே சீலபத்திரரிடம் பயின்றார். சீலபத்திரரின் குருவான தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 645இல் 657 நூல்களுடன் தாயகம் திரும்பிய யுவான் சுவாங், 664இல் மறையும்வரை அவற்றை மொழிபெயர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

1235 வாக்கில் திபெத்தியத் துறவி தர்மஸ்வாமின் வந்தபோது நாளந்தா பெரிதும் அழிந்திருந்தது. ஆயினும் தொண்ணூறு வயதைக் கடந்த ராகுல ஸ்ரீபத்திரர் சுமார் 70 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். படைவீரர்கள் வருகின்றனர் என்ற செய்தி கேட்டு மற்றவர்கள் ஓடிவிட, தர்மஸ்வாமின் தம் முதிய குருவை முதுகில் சுமந்து சென்று காத்தார். ஆபத்து நீங்கியதும் பாடம் தொடர்ந்தது.

காலப்போக்கில் நாளந்தா என்னும் பெயரும் மறைந்தது. மண்மேடாகிவிட்ட அவ்விடம் பரகாவ் என்ற கிராமத்தின் பெயராலேயே அறியப்பட்டது. 1861-62இல் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம், யுவான் சுவாங் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டே இதுதான் நாளந்தா என அடையாளம் கண்டார். 1915இல் அகழாய்வு தொடங்கியது. 2016இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. குருகுலத்திற்கு அதன் பெயரை மீட்டுத் தந்தவன் ஒரு மாணவன்!

ஞானத்தைச் செங்கல் காப்பதில்லை, கற்றவன் காக்கிறான். ஒருவன் நூலைச் சுமந்தான். ஒருவன் குருவையே சுமந்தான். சத்சங்கத்தில் கேட்டதை மண்டபத்திலேயே விட்டுவிட்டு எழுந்து செல்பவனுக்கு, மண்டபம் எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. கேட்டதைச் சிந்தித்து, வாழ்வில் கைக்கொண்டு, இன்னொருவருக்கு அளிப்பவனிடமே குருவின் உபதேசம் உயிர்வாழ்கிறது.

நாளந்தாவைக் கண்டு திரும்பும் சாதகன், அன்றிரவு தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: ‘என் குரு தந்தவற்றுள் எதை நான் சுமந்து செல்கிறேன்?’