துணியைப் பார்க்காதே, பிள்ளையைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னிடம் படித்துச் செவிலியாகப் போன உனக்கு ஓட்டப்பிடாரம் வட்டாரம் பழகிவிட்டது என்று தெரிந்து மகிழ்ச்சி. மேற்கே கரிசல், கிழக்கே தருவைகுளம் கடல். மிளகாய்க் காட்டுக்குப் போகிற தாயும் உப்பளத்துக்குப் போகிற தாயும் ஒரே பதிவேட்டில் வருவார்கள். அங்கே கற்றுக்கொள்ளாதவள் வேறெங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

நீ கேட்டிருந்த மற்ற கேள்விகளுக்குப் பிறகு எழுதுகிறேன். ஒரு வரி மட்டும் இரண்டு நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "பிள்ளை பிறந்த 42ஆம் நாள் பார்க்கப் போனேன். குடிச்சதும் குடிச்சதும் பிள்ளை கக்குது. தாய்ப்பால் சேரலைன்னு மாமியார் புட்டிப்பாலுக்கு மாத்தச் சொல்றாங்க. பால் சேராத பிள்ளைக்கு என்ன சொல்லணும் மேடம்?"

மாமியார் அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்டு வளர்ந்த பேச்சு அது. படித்த நீ அந்தச் சொல்லை அப்படியே வாங்கி எனக்கு எழுதினாயே, அதுதான் வருத்தம். பெற்றவள் பால் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆகாமல் போவது கேலக்டோசீமியா போன்ற மிக அரிய பிறவிக் குறைபாட்டில்தான். நீ பார்த்த பிள்ளைக்கு அது இல்லை. இருந்திருந்தால் முதல் இரண்டு வாரத்திலேயே மஞ்சள் காமாலையும் சோர்வுமாக மருத்துவமனையில் கிடந்திருக்கும். ஆகவே 'சேரல' என்ற சொல்லை உன் பதிவேட்டிலிருந்தும் வாயிலிருந்தும் எடுத்துவிடு. அந்த ஒரு சொல் பால் கொடுக்கிற பெண்ணின் மனதை உடைக்கும். மனம் உடைந்தால் பால் இறங்குவதும் தடைபடும்.

அதற்குப் பதில் நம் பாட்டிகள் வைத்திருந்த சொற்களை எடுத்துக்கொள். பால் தானாக வாயோரம் வழிந்தால் அது எதுக்களிப்பு. ஏப்பத்தோடு ஒரு வாய் வந்தால் கக்குதல். வயிற்றை எக்கி, முகம் சிவந்து, சத்தத்தோடு முக்கினால் ஓங்கரிப்பு. அதன் முடிவில் வருவது வாந்தி. எதிரே இருப்பவர் மடியில் போய் விழுகிற வேகத்தில் வந்தால் பீய்ச்சி அடித்தல். எதுக்களிப்பும் கக்கலும் வளர்ச்சியின் பகுதி. ஓங்கரிப்பும் வாந்தியும் விசாரிக்க வேண்டியவை. பீய்ச்சி அடித்தல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியது. நாலு வருடப் படிப்பில் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை இந்தச் சொற்கள் ஒரு நொடியில் பிரித்துக் காட்டும். தாயிடம் "வாந்தி எடுக்குதா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்பாள். "வழியுதா, கக்குதா, ஓங்கரிக்குதா, பீய்ச்சுதா?" என்று கேள். சரியான பதில் வரும்.

எங்கள் பக்கத்துக் கிழவிகள் "கக்குற பிள்ளை தக்கும்" என்பார்கள். அவர்கள் கண்டது சரிதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நாளுக்கு ஒரு தடவையாவது கக்குகிறார்கள். நான்காம் மாதத்தில் இது உச்சத்துக்குப் போகும். உட்காரப் பழகி, கெட்டி உணவு தொடங்கி, இரைப்பை வாயிலில் இருக்கும் தசையும் முதிர்ந்த பிறகு குறையும். ஒரு வயதில் இருபது பிள்ளைக்கு ஒன்றுதான் மிஞ்சும். வந்த பால் தயிராகத் திரிந்திருக்கிறது, தாயிடமே பால் கெட்டுவிட்டது என்றும் சொல்வார்கள். இரைப்பையின் அமிலம் பட்டால் பால் திரியத்தான் செய்யும். செரிமானம் நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

கக்கிய பாலின் அளவைக் காட்டும் சங்குக்கு இப்போது வருகிறேன். வகுப்பில் நான் செய்து காட்டியதை நீ மறந்திருக்கிறாய். மறந்திருக்காவிட்டால் அந்தக் கேள்வியே எழுந்திராது.

திருச்செந்தூர்க் கடைத்தெருவில் வாங்கிய பால்சங்கு ஒன்று என்னிடம் உண்டு. நம் கடற்கரைக்கும் சங்குக்கும் உள்ள உறவு பெரியது. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பு அதன் பிறகும் தொடர்ந்தது. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1914இல் இந்தியாவின் சங்கைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பணி ஓய்வுக்குப் பிறகு அதைப் படித்தேன். மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கு வங்காளத்துப் பெண்களின் கை வளையலாகும் வழியையெல்லாம் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்கு ஓடிய எண்ணம் வேறு. வங்காளத்துக்கு வளையல் கொடுத்த அதே சங்கு நம் வீட்டில் அளவுப் பாத்திரமாக இருந்திருக்கிறது. எத்தனை சங்கு பால் உள்ளே போயிற்று என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த தாய்மார் நம் தாய்மார். புட்டி வந்த பிறகு கண்ணும் கையும் அந்த அளவை மறந்துவிட்டன.

வகுப்பில் என்ன செய்தேன்? ஐந்து மில்லி சிரிஞ்சால் இரண்டு தடவை, ஆகப் பத்து மில்லி பாலைச் சங்கில் விட்டேன். தரையில் விரித்த பழைய வேட்டி மேல் சங்கைச் சாய்த்தேன். பால் நூலோடு நூலாக ஓடி, சாப்பாட்டுத் தட்டளவுக்கு விரிந்தது. வெளியே நின்ற மாணவிகளை அழைத்து எவ்வளவு பால் என்று கேட்டேன். ஒருத்தி அரை டம்ளர் என்றாள். இன்னொருத்தி நூறு மில்லி என்றாள். கதவருகில் நின்று "குடிச்சது பூரா வந்துட்டு" என்று சொன்னது நீதான்.

அந்த வீட்டு மாமியார் பார்த்ததும் அந்த வட்டத்தைத்தான். தாய்ப்பால் குடிக்கும் ஒன்றரை மாதப் பிள்ளை நாளுக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். ஒன்பது வேளை என்று வைத்தால் ஒரு வேளைக்கு எண்பதுக்கு மேல். அதில் பத்துப் போனால் எழுபது உள்ளே நிற்கிறது. அடுத்த முறை போகும்போது சங்கோ பாலாடையோ கொண்டுபோ. அவர்கள் வீட்டுத் துணியில் அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல். நீ ஒரு மணி நேரம் பேசுவதை அந்த ஈர வட்டம் ஒரு நிமிடத்தில் பேசும். ஒன்று மட்டும் நினைவில் வை: பால் புகட்டுவதற்கு இயற்கைச் சங்கு வேண்டாம், உள்சுழியைக் கழுவ முடியாது. பீய்ச்சி எடுத்த பாலைக் கொடுக்க வேண்டி வந்தால் கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் பாலாடை போதும்.

துணி தராத விடையைத் தராசு தரும். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 4.1 கிலோ என்று நீயே எழுதியிருக்கிறாய். 42 நாளில் 1,200 கிராம், அதாவது நாளுக்கு 28 கிராமுக்கு மேல். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் ஏறினாலே நிறைவு. ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போகிறது, குடித்ததும் சிரிக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். இத்தனையையும் உன் கையால் எழுதிவிட்டுப் 'பால் சேராத பிள்ளை' என்று எப்படி முடித்தாய்? தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளைகோடு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை ஆறு நாடுகளில் அளந்து போட்ட கோடு அது. அந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. அந்தக் கோட்டில் புள்ளி வைத்து அந்த மாமியாரிடம் காட்டு.

இனிக் கக்கலைக் குறைக்கும் வழி. 'சூட்டுப் பால்' என்ற நம்பிக்கையை நீ இந்நேரம் கேட்டிருப்பாய். வெயிலில் வேலை பார்த்து வந்தவள் முதல் பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கக்கும் என்பார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதே. வெயிலால் பால் சூடாவதில்லை, அது உடல் சூட்டில்தான் எப்போதும் இருக்கும். ஆனால் நாலைந்து மணி நேரம் பிரிந்திருந்து வருகிறவளுக்கு மார்பு கட்டியிருக்கும். பிள்ளை வாய் வைத்ததும் பால் பாய்ந்து வரும். பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்து, காற்றையும் சேர்த்து விழுங்கும். அப்புறம் கக்கும். முதலில் கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் வேகம் தணிகிறது. கிழவிகள் சொன்ன காரணம் தவறு, செய்த காரியம் சரி. அதையே சொல்லிக்கொடு: வேகமாக வரும்போது கொஞ்சம் கையால் எடுக்கட்டும், தரையில் விடாமல் சுத்தமான கிண்ணத்தில் பிடிக்கட்டும். சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, பிள்ளையைத் தன் மேல் படுக்கவைத்துக் கொடுக்கட்டும். அழுது களைக்கும் முன்பே கொடுக்கட்டும். ஒரு மார்பை விட்டு மறு மார்புக்கு மாற்றும்போது தோளில் போட்டு ஏப்பம் வரவிடட்டும். முடிந்த பின் இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தியே வைத்திருக்கட்டும்.

குளிப்பாட்டும் நேரத்தைக் கட்டாயம் கேள். பல வீடுகளில் குடித்த கையோடு பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, வயிற்றை நீவி, குப்புறப் போட்டு நீர் ஊற்றுகிறார்கள். நிறைந்த பையை அமுக்கினால் வழியாமல் என்ன செய்யும்? முதலில் குளியல், பிறகு பால். குடித்ததும் சேலைத் தொட்டிலில் போடுவதும் அப்படித்தான். தொட்டிலில் உடல் வளைந்து வயிறு மடங்கும். கொஞ்சம் பொறுத்துப் போடட்டும். அரைஞாண் கயிறு இறுகியிருக்கிறதா என்று உன் விரலை விட்டுப் பார்.

கக்குகிற பிள்ளையைக் குப்புறப் போட்டால்தான் புரையேறாது என்று சொல்கிறவர்களில் நம் தொழில்காரர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்தான பேச்சு. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் கீழே உணவுக்குழலுக்கே திரும்பும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகும். தூங்கும்போது திடீரென நேரும் மரணமும் குப்புறப் படுக்கும் பிள்ளைகளில்தான் அதிகம். கக்கினாலும் மல்லாக்கத்தான்.

செய்யக்கூடாதவற்றைக் கண்டிப்பாகச் சொல். குடலேற்றம் என்று தலைகீழாகத் தூக்கிக் குடல் தட்டக்கூடாது. உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டக்கூடாது. தொக்கம் எடுக்கக் கொண்டுபோகக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடக்கூடாது, அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக முற்றும். வசம்பைக் கையில் கட்டுவதோடு சண்டை போடாதே, உரைத்து உள்ளே கொடுப்பதைத் தடு. அமெரிக்காவில் 1968லேயே உணவில் வசம்பைத் தடை செய்துவிட்டார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வாந்திச் சொட்டு மருந்தும் வேண்டாம். தாய்க்குப் பத்தியம் போட்டுப் பட்டினி போடவும் வேண்டாம். பால்சுறாப் புட்டும் பூண்டும் அவள் நன்றாகச் சாப்பிடட்டும்.

புட்டிப்பால் பற்றி ஒன்று. 1983இல் இதே காரணத்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்திய ஒரு வீட்டுக்குப் போனேன். டப்பா சீக்கிரம் தீரக் கூடாதென்று பால்மாவில் தண்ணீரை ஏற்றிக் கரைத்திருந்தார்கள். புட்டியின் ரப்பரில் ஈ மொய்த்தது. கக்கல் நின்றிருந்தது, வயிற்றுப்போக்கு வந்திருந்தது. அந்தப் பிள்ளையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. 1992இல் பால்மா, புட்டி விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தபோது நான் அந்த வீட்டைத்தான் நினைத்தேன்.

எல்லாம் இயல்பு என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. கறிவேப்பிலை அரைத்தாற்போலப் பச்சையாக வாந்தி வந்தால் குடல் முறுக்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராதே. 108ஐ அழைத்துத் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பு. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரத்துக்குள், ஒவ்வொரு வேளையும் பீய்ச்சி அடித்து, உடனே பசித்து அழுது, எடை இறங்கினால் இரைப்பையின் கீழ்வாயில் தடித்திருக்கலாம். ஆண் பிள்ளையிடம், அதிலும் தலைச்சனிடம் இது அதிகம். ராம்ஸ்டெட் என்ற ஜெர்மானியர் 1912இல் வெளியிட்ட சிறிய அறுவை முறை இன்றும் இதற்குத் தீர்வு. கக்கலில் ரத்தம் தெரிந்தால் முதலில் தாயின் மார்க்காம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் உடனே அனுப்பு. கக்கலோடு மலத்தில் ரத்தமும் தோலில் கரப்பானும் இருந்தால், தாய் குடிக்கும் மாட்டுப்பாலின் புரதம் ஒவ்வாமல் போயிருக்கலாம். அதை மருத்துவர் சொல்லட்டும், நீ சொல்லாதே. காய்ச்சல், சோர்வு, வயிறு உப்பல், சிறுநீர் குறைவு, ஏறாத எடை, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தி, இவற்றில் எதுவானாலும் அனுப்பு.

முடிவாக, அந்த வீட்டுக்கு நாளையே போ. தாயிடம் பேசும் முன் மாமியார் அருகில் உட்கார். அவரும் பிள்ளை பெற்று, பால் கொடுத்து வளர்த்தவர். அவர் பிள்ளைகள் கக்கினார்களா, அப்போது அவருடைய அம்மா என்ன சொன்னார் என்று கேள். "கக்குற பிள்ளை தக்கும்" என்பது அவர் வாயிலிருந்தே வரலாம். வராவிட்டால் நீ சொல். பிறகு சங்கை எடு. அடுத்த ஊசிக்கு வரும்போது பிள்ளையைத் தராசில் போட்டு, எடையை அவரையே படிக்கச் சொல். அந்த எண்ணை எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியை