42 கிலோமீட்டருக்கான கையிருப்பு

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று, பொழுது புலரும் முன்னரே மும்பை சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் முன்னே ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்கின்றனர். 2004ஆம் ஆண்டு தொடங்கிய மும்பை மாரத்தான் இன்று நம் நாட்டின் பெரும் ஓட்டங்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. அங்கு பரிசுக்காக ஓடுவோர் மிகச் சிலரே. ஏனையோர் அலுவலகம் செல்வோர், கடை நடத்துவோர், இல்லத்தரசியர், பணி ஓய்வு பெற்றோர். இத்தகைய ஒருவர் 42.195 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க எவ்வாறு ஆயத்தமாகிறார், ஓட்ட நாளில் எங்கே தடுமாறுகிறார் என்பதையே இக்கட்டுரையில் நாம் காணவிருக்கிறோம். வங்கி இதழில் ஓட்டப் பாடம் எதற்கு என வாசகர் சிலர் வினவக்கூடும். மாரத்தானின் உடலியல் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கே ஆதலால், இது நமக்கு முற்றிலும் அயலான பொருளன்று.

இந்த 42.195 என்னும் எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடிய தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டம் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த மாடத்தின் முன்னே முடிந்தது. அப்பாதையின் நீளமே 1921இல் உலகம் முழுமைக்குமான அளவாக ஏற்கப்பட்டது. கூடுதலான அந்த இரண்டு கிலோமீட்டர் எத்துணை நீளமானது என்பதை ஓடியவரே அறிவர்.

உடல் என்னும் கணக்குப் புத்தகம்

ஓடும் உடலுக்கு இரு வகை எரிபொருள்கள் உண்டு. ஒன்று கிளைக்கோஜன். நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் மாவுச்சத்தாகச் சேமிக்கப்படும் வடிவம் இது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும். கிராமுக்கு நான்கு கலோரி எனக் கொண்டால் மொத்தக் கையிருப்பு 2,000 கலோரி அளவே. இனி செலவைப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவர் மாரத்தான் முழுவதையும் ஓடி முடிக்க 2,950 கலோரி செலவாகும். கையிருப்பைவிடச் செலவு தொள்ளாயிரத்துக்கு மேல் மிகுதி.

இரண்டாவது எரிபொருள் கொழுப்பு. மெலிந்த உடலினரிடமும் இது பல்லாயிரம் கலோரி அளவுக்கு உண்டு. ஆயினும் இது நீண்ட கால வைப்பைப் போன்றது. தொகை பெரிது, ஆனால் அவசரத்துக்கு விரைந்து கைக்கு வராது. மெதுவாக ஓடும்போது கொழுப்பின் பங்கு கூடுகிறது, கிளைக்கோஜன் மிச்சமாகிறது. வேகம் ஏற ஏற உடல் கிளைக்கோஜனையே நாடுகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு தசையில் உள்ள கிளைக்கோஜன் அத்தசைக்கே உரியது. கைகளில் எஞ்சியிருப்பதைக் கால்களுக்கு அனுப்ப இயலாது. இக்கணக்குகளுக்கு இடையே பணமாற்று வசதி கிடையாது.

ஆகவேதான் முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்குத் திடீரெனக் கால்கள் கனக்கின்றன, கூட்டல் கழித்தல்கூட மனத்தில் நில்லாது போகிறது, நடையே பெரும்பாடாகிறது. ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவர்’ என்பர். இதை மன உறுதிக் குறைவு என்று கருதுவது தவறு. பெரும்பாலும் இது கையிருப்பு தீர்ந்ததன் விளைவு. அதற்கான காரணம் முதல் பத்து கிலோமீட்டரிலேயே, உடல் துள்ளிக்கொண்டிருந்த வேளையில், நிகழ்ந்துவிட்டிருக்கும்.

மெதுவாக ஓடப் பழகுதல்

ஜனவரி ஓட்டத்துக்கான பயிற்சி செப்டம்பரில் தொடங்க வேண்டும். பதினாறு முதல் பதினெட்டு வாரங்கள் என்பது பொதுவான அளவு. அதுவும், ஏற்கெனவே பத்து கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓடக்கூடியவருக்கே பொருந்தும். அவ்வாறல்லாதார் இவ்வாண்டு பத்து கிலோமீட்டர், அடுத்த ஆண்டு அரை மாரத்தான், அதன் பின்னரே முழு மாரத்தான் என முறையே செல்வது நலம். முழு ஓட்டத்துக்குப் பதிவு செய்வோரிடம் முந்தைய ஓட்டத்தின் காலச் சான்று கேட்கப்படுவதுண்டு. அதைத் தடையாக எண்ணாமல் நல்ல ஆலோசனையாகவே கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் போதும். அவற்றுள் மூன்று நாள்கள் மெதுவான ஓட்டங்களாகவே இருத்தல் வேண்டும். எவ்வளவு மெதுவாக? உடன் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓட இயல வேண்டும். மூச்சு இரைத்துச் சொற்கள் துண்டுபட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். ‘இத்தனை மெதுவாக ஓடி என்ன பயன்?’ என்று புதியவர்கள் சலித்துக்கொள்வது இயல்பு. நியூசிலாந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தம் ஒலிம்பிக் வீரர்களையே நெடுந்தொலைவு ஓட்டங்களால்தான் உருவாக்கினார். பின்னாளில் ஸ்டீபன் சீலர் என்னும் ஆய்வாளர், உலகத் தரமான தாங்குதிறன் வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களின் பயிற்சிகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எளிய வேகத்தில் அமைந்திருப்பதைக் கண்டார். தொழில்முறை வீரர்களே அவ்வாறெனில், காலையில் ஓடிவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகம் செல்லும் நமக்கு வேறு வழி ஏது?

பயிற்சியின் முதுகெலும்பு ஞாயிற்றுக்கிழமையின் நெடிய ஓட்டம். பன்னிரண்டு கிலோமீட்டரில் தொடங்கி வாரந்தோறும் ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் கூட்டிச் செல்லலாம். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைத்து உடலுக்கு ஓய்வளிக்க வேண்டும். டிசம்பர் இறுதியில் முப்பது அல்லது முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஒரு முறையோ இரு முறையோ ஓடினால் போதுமானது. பயிற்சியிலேயே 42 கிலோமீட்டரையும் ஓடிப் பார்க்க வேண்டுவதில்லை. அதனால் கிடைக்கும் பயனைவிட, அதிலிருந்து மீள ஆகும் நாள்களின் இழப்பு பெரிது. இறுதி இரண்டு மூன்று வாரங்களில் தொலைவை வெகுவாகக் குறைத்துவிட வேண்டும். அந்நாள்களில் புதிய வலிமை எதுவும் சேர்வதில்லை. சேர்த்ததைச் சிந்தாமல் காப்பதே வேலை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்புகளும் பழகப் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. ‘இப்போதெல்லாம் மூச்சே வாங்குவதில்லை’ என்று மகிழ்ந்து தொலைவைக் கூட்டுபவரின் முழந்தாள், கணுக்கால், குதிகால் ஆகியவை அம்மகிழ்ச்சியில் பங்கு கொள்வதில்லை. இரு கால்களிலும் பரவலாகத் தோன்றி மறுநாள் தணியும் வலி இயல்பானது. ஒரே புள்ளியில் குத்தி, ஓட ஓட மிகும் வலி இயல்பானதன்று. அது எலும்பில் நுண்ணிய விரிசலாகவும் இருக்கலாம். அன்றே நின்று மருத்துவரைக் காண வேண்டும். வலி நிவாரண மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நீரிழந்த உடலில் அவ்வகை மாத்திரைகள் பல சிறுநீரகத்துக்கு ஊறு செய்யக்கூடியவை என்பதால் அதனை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

காலணியைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. பொருந்துவதும் உறுத்தாததுமே நல்ல காலணி. ஐந்நூறு முதல் எண்ணூறு கிலோமீட்டருக்குள் அதை மாற்றிவிடலாம். ஓட்ட நாளன்று புதிதாய் எதையும், காலுறையைக்கூட, அணியலாகாது.

இதயமும் தண்ணீரும்

நாற்பதைக் கடந்தவரும், குருதியழுத்தம், நீரிழிவு, குடும்பத்தில் இதய நோய் ஆகியவற்றுள் ஏதேனும் உடையவரும் பயிற்சிக்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். அச்சமூட்டுவதற்காக இதைக் கூறவில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஏறத்தாழ ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியாயிற்று. அதன்படி 1,84,000 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்திலேயே இதயத் துடிப்பு நின்றது. எண்ணிக்கை மிகச் சிறிதுதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுள் பலருக்கு முன்னரே இதயத்தில் குறை இருந்துள்ளது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, மயக்கமோ, காரணமற்ற மூச்சுத் திணறலோ தோன்றினால், எத்தனை மாதப் பயிற்சியாயினும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீர் குறித்த தவறான எண்ணமும் உயிரைத் தொடக்கூடியது. எவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவும் நன்று என்பது பலரின் நம்பிக்கை. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியோருள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, அவர்களுள் 13 விழுக்காட்டினரின் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகுதியாக நீர் அருந்தி எடை கூடியவர்களிடமே இது அதிகம் காணப்பட்டது. சோடியம் மிகவும் தாழ்ந்தால் மூளை வீங்கி உயிருக்கே தீங்கு நேரும். மெதுவாக ஓடுவோர் நீண்ட நேரம் பாதையில் இருப்பதால், ஒவ்வொரு நீர்ப்பந்தலிலும் நின்று குடித்து இத்தொல்லைக்கு ஆளாகின்றனர். தாகத்துக்கு ஏற்பப் பருகுவதே முறை. மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை மிகும் என்பதால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை இடையிடையே பருகலாம்.

ஓட்ட நாள்

இறுதி இரண்டு மூன்று நாள்களில் மாவுச்சத்தைக் கூட்டுவது கிளைக்கோஜன் கையிருப்பை நிரப்பும். வயிறு முட்ட உண்பதென்று இதைக் கொள்ளலாகாது. தட்டில் சோறு, இட்லி ஆகியவற்றின் பங்கைக் கூட்டி, எண்ணெயையும் நார்ச்சத்தையும் குறைத்தால் போதும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. வயிறு இதை ஏற்குமா என்பதை ஞாயிறு ஓட்டங்களிலேயே சோதித்தறிய வேண்டும்.

அடுத்து வேகம். ஐந்து மணி நேரத்தில் முடிக்க விரும்புவோர் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடியும், ஆறு மணி நேரத்தில் முடிக்க விரும்புவோர் 8 நிமிடம் 32 விநாடியும் எடுத்துக்கொள்ளலாம். 1978இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். பல பத்தாண்டுகள் தேசியச் சாதனையாக நிலைத்த அவ்வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 விநாடி. அதைக் கண்டு வியக்கலாம், நம்மை அதனோடு ஒப்பிட வேண்டுவதில்லை. நம் ஒப்பீடு முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய அந்த டிசம்பர் ஞாயிற்றோடு மட்டுமே. அன்று ஓடிய வேகமே நம்முடைய உண்மையான வேகம். முதல் ஐந்து கிலோமீட்டரை அதனினும் சற்று மெதுவாகவே ஓட வேண்டும்.

சொல்வது எளிது. மரைன் டிரைவின் கடற்காற்றும், தெருவோரம் கைதட்டுவோரின் ஆரவாரமும், நம்மைக் கடந்து பாயும் கூட்டமும் சேர்ந்து யாரையும் வேகம் கொள்ளச் செய்யும். அடுத்து வருவது பாந்திரா–வொர்லி கடற்பாலம். மற்ற நாள்களில் நடந்து செல்ல அனுமதியில்லாத அப்பாலத்தில், விடியற்காலை வெளிச்சத்தில் ஓடுவது தனி இன்பம். அவ்வின்பத்திலும் கடிகாரத்தை மறக்கலாகாது. ஏனெனில் திரும்பும் வழியில், முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில், பெட்டர் சாலையின் ஏற்றம் காத்திருக்கிறது. பாதை ஆண்டுக்காண்டு சற்று மாறினும் இந்த ஏற்றத்தின் பெயர் மும்பை ஓட்டக்காரர்களிடையே மாறாமல் நிலைத்துள்ளது. வண்டியில் செல்லும்போது கண்ணுக்கே படாத மேடு அது. கையிருப்பு தீர்ந்து, வெயிலும் ஏறிய பொழுதில் அதுவே மலையாகிறது. காலையில் விநாடிகளைச் சேமித்தவர்கள் அங்கு நிதானமாக ஏறிச் செல்வதையும், செலவழித்தவர்கள் நடைமேடை விளிம்பில் அமர்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் அவ்விடத்தில் நின்று பார்ப்போர் காணலாம்.

அவ்வேற்றத்தில் நடப்பது இழுக்கன்று. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே, புதியவர்களுக்குத் தொடக்கம் முதலே ஓட்டத்தையும் நடையையும் மாறி மாறி மேற்கொள்ளும் முறையைக் கற்பித்தார். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என வைத்துக்கொள்வோர் இறுதியில் பலரை முந்துவதும் உண்டு. களைத்த பின் நடப்பதற்கும், களைப்பதற்கு முன்பே திட்டமிட்டு நடப்பதற்கும் வேறுபாடு பெரிது. அமைப்பாளர்கள் அளிக்கும் கால எல்லை ஏறத்தாழ ஏழு மணி நேரம். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகச் சென்றால் அதற்குள் முடித்துவிடலாம்.

வயதைக் காரணமாகக் கூறித் தயங்குவோருக்கு பௌஜா சிங்கின் பெயரை நினைவூட்டலாம். பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த அவர், தம் முதல் மாரத்தானை 2000ஆம் ஆண்டு, 89ஆம் அகவையில் ஓடினார். 2011இல் டொராண்டோவில், தம் நூறாம் அகவையில், எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு முழுத் தொலைவையும் முடித்தார். அவரும் மெதுவாகத்தான் ஓடினார்.

முடிவுக்கோட்டைக் கடந்தவுடன் அமர்ந்துவிடாமல் பத்து நிமிடமேனும் மெல்ல நடக்க வேண்டும். திடீரென நின்றால் குருதி கால்களில் தேங்கித் தலைசுற்றி விழுவோர் உண்டு. ஈர உடையை மாற்றி, சிறிது உண்டு, தாகத்துக்குப் பருகிய பின் வீடு திரும்பலாம். மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சத்தை அடையும். ஏறுவதைவிட இறங்குவதே கடினமாக இருக்கும், ஏனெனில் தொடைத் தசைகள் நீண்டவாறே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அலுவலகம் செல்லும்போது தொடர்வண்டி நிலைய மேம்பாலத்தின் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவது எளிது. ஒரு வாரம் நடை மட்டும் போதும். அதன் பின் ஒரு காலைப் பொழுதில், கடிகாரம் இன்றி, மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓடிப் பார்க்கலாம்.