அப்பாருக்கு ஒரு மடை

நாமகிரிப்பேட்டை

அன்புள்ள கண்ணு,

“அப்பாரு ஏன் மஞ்சள் மண்டிப் பக்கமே போறதில்லை?” என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அப்போது சொல்லவில்லை. கல்லூரிக்குப் போகிற வயது உனக்கு, தெரிந்துகொள்.

சிறுநீர்ப்பையிலிருந்து நீர் வெளியேறும் வழியில் இரண்டு மடைகள் உண்டு. மேல் மடை நாம் நினைக்காமலே மூடியிருக்கும். கீழ் மடை நாம் அடக்கினால் இறுகும். இரண்டுக்கும் நடுவே புராஸ்டேட் சுரப்பி. புற்றுநோய்க்காக அதை எடுக்கும்போது மேல் மடை பெரும்பாலும் பலமிழக்கும். கீழ் மடை ஒன்றே தாங்க வேண்டும். அதற்கும் அடிபட்டால், இருமினாலும் மூட்டை தூக்கினாலும் நீர் கசியும். அப்பாருக்கு அதுதான். மண்டிப் பக்கம் போகாததும் அதனால்தான். வயசுக் கோளாறு என்று நாங்கள் விட்டுவிட்டோம். வேட்டி நனையுமே என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அது தப்பு. நீர் கடுத்தால் பை உறுத்தி அவசரம் கூடும்.

ஆபரேஷன் முடிந்த பலருக்கு ஓராண்டுக்குள் கசிவு தானாகக் குறையும். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, தளர்த்தும் பயிற்சி அதற்கு உதவும். ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் பெண்களுக்காக எழுதிய முறை அது.

அதிலும் நிற்காவிட்டால்தான் அறுவை. கசிவு கொஞ்சமென்றால் சிறுநீர்க் குழாயைத் தூளிபோல் தாங்கும் வலைப்பட்டை போதும். அதிகமென்றால் செயற்கை மடை. ஹூஸ்டன் நகரில் பிராண்ட்லி ஸ்காட் என்ற மருத்துவர் 1972-ல் அதை முதலில் பொருத்தினார். குழாயைச் சுற்றி ஒரு வளையம், அடிவயிற்றில் ஒரு பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்பு. மூன்றையும் மெல்லிய குழாய்கள் இணைக்கும், உள்ளே திரவம் நிறைந்திருக்கும். பம்பை அழுத்தினால் வளையத்துத் திரவம் பலூனுக்குப் போகும், வளையம் தளரும், நீர் பிரியும். சில நிமிடத்தில் திரவம் தானே திரும்பி வளையத்தை இறுக்கும். மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. புண் ஆறும்வரை சுமார் ஆறு வாரம் அதை இயக்கமாட்டார்கள்.

குறையும் உண்டு. விலை லட்சங்களில். கிருமி தொற்றலாம், வளையம் குழாயை அரிக்கலாம், கருவி தேய்ந்து மாற்ற நேரலாம். பம்பை அழுத்த விரலில் பலம் வேண்டும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அப்பாருடைய விரல்களை டாக்டர் முதலில் சோதிப்பார். ஒன்றை மறக்காதே: கருவி வைத்தவருக்குப் பின்னாளில் எந்த நோய்க்காகச் சிறுநீர் வடிக்கும் குழாய் போட வந்தாலும், முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். வளையத்தைத் தளர்த்தி நிறுத்தாமல் போட்டால் உள்ளே கிழிந்துவிடலாம்.

வருகிற வாரம் சேலத்தில் சிறுநீரக அறுவை நிபுணரிடம் அவரைக் கூட்டிப்போகிறேன். ராசிபுரம் தாண்டுவதற்குள் பஸ்ஸை நிறுத்த வேண்டியிருக்குமோ என்று இப்போதே கலங்குகிறார். லீவு போட்டு வந்துவிடு. அவர் எழுந்தால் நீயும் கூட எழுந்து இறங்கு. ஏன் என்று கேட்காதே.

அன்புடன்,
உன் பெரியப்பா