தெருவைக் காத்த நிழற்படங்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் அரசர்தம் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் தவறாது குறித்து வைப்பர். அரண்மனையும் கோட்டையும் வழிபாட்டிடமும் பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்று தம் கதையைத் தாமே கூறும். ஆனால், நகரத்துத் தெருக்களில் நாள்தோறும் நிகழும் எளிய வாழ்க்கையைக் குறித்து வைப்பவர் யாவர்? விடியற்காலையில் கூடை சுமந்து வரும் வணிகர், கடை வாயிலில் தொங்கும் பலகை, கொல்லர் அடித்துச் சமைத்த இரும்புக் கம்பி வேலைப்பாடு, பலர் ஏறி இறங்கித் தேய்ந்த படிக்கட்டு ஆகியவை நம் கண்முன் உள்ளவரை பெரும்பொருளாகத் தோன்றுவதில்லை. மறைந்த பின்னரோ, அவற்றை மீட்டற்கு வழியில்லை. இவ்வாறு மறையவிருந்த ஒரு நகரத்தின் தோற்றத்தை, முப்பது ஆண்டுகள் தனியொருவராய் நின்று காத்தவர் ஒருவர் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் யூஜீன் அட்ஜே என்பதாம்.

இளமை

அட்ஜே 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், பிரான்சின் தென்மேற்குப் பகுதியிலுள்ள லிபூர்ன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வண்டி கட்டும் தொழிலாளர். அட்ஜே சிறு குழந்தையாய் இருந்தபோதே தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். அதன்பின் அவரைப் போர்தோ நகரில் வாழ்ந்த தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் வளர்த்தனர். இளைஞரானதும் அவர் கப்பலில் வேலை பார்த்துக் கடல்மேல் சென்றார். பின்னர் நடிப்புக் கலையில் பெருவிருப்பம் கொண்டு பாரிஸ் நகருக்கு வந்து, 1879-இல் அந்நகரத்து நாடகப் பள்ளியிற் சேர்ந்தார். அக்காலத்தில் அவர் படைப்பணியும் ஆற்ற வேண்டியிருந்தது. இரண்டு பணிகளையும் ஒருங்கே செய்தல் இயலாமையால் கல்வி இடையில் முறிந்தது. ஊர் ஊராய்ச் செல்லும் நாடகக் குழுக்களில் சிறு வேடங்கள் பூண்டு சில ஆண்டுகள் காலங்கழித்தார். தொண்டையில் உண்டான நோய் அத்தொழிலுக்கும் முடிவு கட்டிற்று. ஓவியம் தீட்ட முயன்றார், அதுவும் கைகூடவில்லை. இங்ஙனம் எடுத்த தொழில் ஒவ்வொன்றும் கைவிட்டுப்போக, முப்பது வயதைக் கடந்த பின்னரே அவர் நிழற்படத் தொழிலை மேற்கொண்டார்.

மாறிய மாநகர்

அட்ஜே வாழ்ந்த காலத்துப் பாரிஸ் பெருமாற்றம் அடைந்து கொண்டிருந்த நகரமாகும். 1853 முதல் 1870 வரை அந்நகரப் பகுதியின் ஆட்சித் தலைவராய் இருந்த ஓஸ்மான் என்பவர், பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி நகரைப் புதுக்கி அமைத்தார். நெருக்கமும் இருளும் மிக்க பழைய தெருக்கள் பல இடிக்கப்பட்டன. அகன்ற நேரிய சாலைகள் போடப்பட்டன. கழிவுநீர்க் கால்வாய்களும் பூங்காக்களும் அமைந்தன. காற்றும் வெளிச்சமும் நல்ல நீரும் மக்களுக்குக் கிடைத்தன என்பது உண்மையே. ஆயினும், அவற்றிற்கு ஈடாக நகரம் தன் பழைய முகத்தின் பெரும்பகுதியை இழந்தது. ஓஸ்மான் பதவி நீங்கிய பின்னரும் இடிக்கும் பணி ஓயவில்லை. எஞ்சியவற்றையேனும் ஆராய்ந்து குறித்து வைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் சான்றோரிடையே எழுந்தது. அதன் பயனாய், பழைய பாரிசுக்கென நகராட்சிக் குழுவொன்று 1897-ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்படுத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அட்ஜேயும் தம் கருவியைச் சுமந்துகொண்டு பழந்தெருக்களுள் நுழைந்தார்.

பணி செய்த முறை

அவர் தம் வீட்டு வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டியிருந்தார். ‘கலைஞர்க்கு உதவும் சான்றுப்படங்கள்’ என்பது அதன் பொருள். ஓவியர், சிற்பியர், அரங்கம் அமைப்போர், கட்டடக் கலைஞர் முதலியோர் தத்தம் வேலைக்கு வேண்டிய மாதிரிகளை அவரிடம் வாங்கிச் சென்றனர். ஒருவர்க்கு மரத்தின் வடிவம் வேண்டும். மற்றொருவர்க்குப் பழைய கதவின் அமைப்பு வேண்டும். அவரவர் வேண்டியதை அட்ஜே தேடிக் கொடுத்தார். கார்னவலே அருங்காட்சியகம் முதலிய நிலையங்களும் நகர வரலாற்று நூலகமும் அவர் படங்களை விலைக்கு வாங்கின.

இக்காலத்தில் நிழற்படம் எடுத்தல் ஒரு நொடிப்பொழுதின் வேலையாகிவிட்டது. அட்ஜே மேற்கொண்ட முறையோ உடலுழைப்பும் பொறுமையும் ஒருங்கே வேண்டுவது. அவர் கருவி மரத்தால் ஆகிய பெரிய பெட்டி. அதனைத் தாங்க மூன்று கால் கொண்ட தாங்கி வேண்டும். படம் பதிவது 18 சென்டிமீட்டர் அகலமும் 24 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடித் தகட்டின் மேல். இத்தகடுகள் கனமானவை, கைதவறினால் உடைபவை. இவை அனைத்தையும் தோளிலும் கையிலும் சுமந்து அவர் நெடுந்தொலைவு நடந்தார். தகட்டில் ஒளியும் நிழலும் தலைமாறிப் பதியும். அம்மூலத்தகட்டின் அடியில் மருந்து பூசிய தாளை வைத்துச் சட்டத்தில் இறுக்கி, வெயிலிற் காட்டினால் உருவம் மெல்ல மெல்லத் தாளில் தோன்றும். பின்னர் அதனைப் பொன்னுப்புக் கரைசலில் நனைத்து நிறத்தைச் செம்மை செய்வர்.

பெரும்பாலும் அவர் அதிகாலையிலேயே புறப்படுவார். வண்டிகளும் மக்களும் நெருங்குமுன் தெரு அமைதியாய் இருக்கும். கருவியின் கண் சில நொடிகளேனும் திறந்திருக்க வேண்டுமாதலால், அசையாத கல்லும் மரமும் தெளிவாய்ப் பதியும். இடையே நடந்து சென்றவர் பனிப்புகை போல் மங்கித் தோன்றுவர். அவர் படங்கள் பலவற்றில் தெரு வெறிச்சோடிக் கிடப்பதும், சிலவற்றில் ஆவி போன்ற நிழலொன்று நிற்பதும் இக்காரணம் பற்றியே.

தெருவின் மக்களும் தெருவின் கலையும்

அட்ஜே தேடிச் சென்றவை எவை? உலகோர் வியக்கும் ஈபில் கோபுரம் 1889-இல் எழுந்தது. அதனையோ, அகன்ற புதுச்சாலைகளின் பகட்டையோ அவர் நாடவில்லை. 1890-களின் இறுதியில் அவர் தெருவில் திரிந்து பிழைக்கும் எளிய தொழிலாளரைப் படம் எடுத்தார். விளக்கு மூடி விற்பவர், கூடை விற்பவர், சாணை பிடிப்பவர், கையால் சுழற்றும் இசைப்பெட்டியை வாசிப்பவர் முதலியோர் அவர் படங்களில் நிலைபெற்றனர். பெருங்கடைகள் பெருகப் பெருக இத்தொழிலாளர் குறைந்து வந்த காலம் அது. இசைப்பெட்டிக்காரரோடு நின்று பாடும் சிறிய பெண்ணின் முகமலர்ச்சியை அப்படத்தில் இன்றும் காணலாம். அவள் பெயரை நாம் அறியோம். அவள் மகிழ்ச்சியை அறிவோம்.

பெயரறியாக் கைவினைஞர் செய்த கலைப்பொருள்களிலும் அட்ஜேயின் கருத்து ஊன்றிற்று. கதவைத் தட்டுவதற்கு அமைத்த வெண்கல வளையம், மாடிமுகப்பின் இரும்புப் பின்னல், வளைந்தேறும் படிக்கட்டின் கைப்பிடி, முற்றத்துக் கிணறு ஆகியவற்றை அவர் ஒவ்வொன்றாய்ப் பதிவு செய்தார். கடைகளின் அடையாளச் சின்னங்களை அவர் பதிந்த திறம் சிறப்பாக எண்ணத்தக்கது. வீடுகளுக்கு ஒழுங்கான எண் இல்லாத காலத்தில், எழுத்தறியாதவரும் கடையை இனங்காணும் பொருட்டு வாயிலில் ஓர் உருவத்தை அமைத்தல் வழக்கம். படைக்கலம் தாங்கிய வீரன் பெயரால் ஒரு மதுக்கடையும், முரசின் பெயரால் மற்றொன்றும் விளங்கின. இவ்விரண்டையும் அட்ஜே படம் எடுத்துள்ளார். முரசுச் சின்னக் கடையின் கண்ணாடிக் கதவினூடே கடையிலுள்ளோர் எட்டிப் பார்க்கின்றனர். அதே கண்ணாடியில் எதிர்ப்புறத் தெருவும் நிழலாடுகின்றது. கலைப்பொருளும், அதனோடு வாழும் மனிதரும், சூழ்ந்துள்ள நகரமும் ஒரே தகட்டில் அடங்கிய விந்தையை ஆங்குக் காண்கின்றோம்.

அழகியவற்றை மட்டும் காட்டி, அல்லாதவற்றை அவர் மறைத்தாரல்லர். நகரின் புற எல்லையில், கோட்டை மதிலுக்கு அப்பால், கந்தையும் பழம்பொருளும் பொறுக்கி வாழ்வோர் தகரமும் பலகையும் கொண்டு கட்டிய குடிசைகளில் இருந்தனர். அட்ஜே அவர்களிடமும் சென்றார். அவர்கள் வாழ்க்கையைக் காட்டும் படத்தொகுதி 1913-இல் உருவாயிற்று. அப்படங்களில் இகழ்ச்சியும் இல்லை. இரக்கத்தை வலிந்து தூண்டும் முயற்சியும் இல்லை. செல்வர் மாளிகையின் படிக்கட்டை எத்துணைக் கவனத்தோடு நோக்கினாரோ, அத்துணைக் கவனத்தோடே ஏழையின் குடிசை வாயிலையும் அவர் நோக்கினார்.

அவர்தம் கவலை

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. வாங்குவோர் அருகினர். அட்ஜே தம் தகடுகள் சிதைந்துபோகாதபடி அவற்றை வீட்டின் நிலவறையில் வைத்துக் காத்தார். போர் ஓய்ந்தபின், 1920-இல், நாட்டின் கலைத்துறைத் தலைவராகிய பால் லியோன் என்பவர்க்கு ஒரு கடிதம் எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாமே முன்வந்து பழந்தெருக்கள் அனைத்திலும் படம் எடுத்துச் சேர்த்திருப்பதையும், பழைய பாரிஸ் முழுவதும் தம்மிடம் உளது என்பதையும் அதிற் கூறினார். தமக்கு முதுமை நெருங்குவதையும், தம் பணியைத் தொடர வழித்தோன்றல் இல்லாமையையும் கூறி, இச்செல்வத்தின் அருமையறியாதார் கையில் அது சிக்கி அழிந்துபோகுமோ என்று கவன்றார்.

ஒரு மனிதன் தன் வாழ்நாளைச் செலவிட்டுச் சேர்த்த பொருள் யார் கைக்குப் போகும் என்று அறியாமல் வருந்துவது எத்துணைக் கொடிய துன்பம்! நல்வாய்ப்பாக அரசு செவிசாய்த்தது. 2,621 மூலத்தகடுகளைப் பத்தாயிரம் பிராங்கு விலைக்கு வாங்கிக்கொண்டது. அப்பணத்தால் அட்ஜே ஓய்ந்திருக்கவில்லை. பிறர் தேவையை நோக்காது, தம் மனம் விரும்பிய பூங்காக்களையும் மரங்களையும் கடைக் கண்ணாடிகளையும் படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய மிகச் சிறந்த படங்கள் சில, அறுபது வயதிற்குப் பின்னர் எடுக்கப்பட்டவையே.

புகழ் விரும்பாப் பண்பு

அவர் வாழ்ந்த தெருவிலேயே மான் ரே என்னும் அமெரிக்கக் கலைஞர் குடியிருந்தார். புதுமைக் கலையியக்கத்தைச் சார்ந்த அவர், அட்ஜேயின் படங்களை வியந்து வாங்கினார். 1912-இல் கதிரவன் மறைப்பைக் காணத் தெருவிற் கூடி வானை நோக்கி நின்ற மக்களை அட்ஜே எடுத்த படம், 1926-இல் அவ்வியக்கத்தாரின் இதழ் முகப்பில் வெளிவந்தது. தம் பெயரை அதில் இடவேண்டா என்றும், தாம் எடுப்பவை வெறும் சான்றுப்படங்களே என்றும் அட்ஜே தடுத்துவிட்டார். விரைந்து படம் பிடிக்கும் புதுக்கருவியைத் தர மான் ரே முன்வந்தபோது, அது தம் சிந்தனையினும் விரைந்து செல்கின்றது என்று கூறி மறுத்தார் என்பர். காண்பதற்கு முன் எண்ண வேண்டும். எண்ணுவதற்குக் காலம் வேண்டும் என்பது அவர் கொள்கை போலும்.

காத்தவரைக் காத்தவர்

மான் ரேயிடம் பணியாற்றிய பெரனீஸ் அபட் என்னும் இளம்பெண்மணி, அட்ஜேயின் படங்களைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தார். அவரும் அமெரிக்க நாட்டினரே. 1927-இல் அட்ஜேயைத் தம் நிலையத்திற்கு அழைத்து அவர் உருவத்தைப் படம் எடுத்தார். அப்படத்தை அவரிடம் காட்டச் சென்றபோது முதியவர் உயிருடன் இல்லை. வாழ்க்கைத் துணைவியார் வலந்தீன் முந்திய ஆண்டில் மறைய, அட்ஜே 1927 ஆகஸ்டு 4-ஆம் நாள் உலக வாழ்வை நீத்திருந்தார்.

எஞ்சிய தகடுகளும் படங்களும் என்னாகுமோ என்று அபட் அம்மையார் அஞ்சினார். விடாது முயன்று 1928-இல் அவற்றை விலைக்குப் பெற்றார். கடல் கடந்து நியூயார்க் நகருக்குக் கொண்டுசென்று, நாற்பது ஆண்டுகள் பேணிக் காத்தார். 1968-இல் அந்நகரிலுள்ள தற்காலக் கலை அருங்காட்சியகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அம்மையாரும் தம் ஆசான் வழியைப் பின்பற்றி, வேகமாய் மாறிவந்த நியூயார்க்கின் தெருக்களைப் படமெடுத்து 1939-இல் நூலாக வெளியிட்டார். வழித்தோன்றல் இல்லையே என வருந்திய அட்ஜேக்கு, அவர் எதிர்பாராத இடத்திலிருந்து வழித்தோன்றல் ஒருவர் வாய்த்தார்.

நாம் கொள்ளத்தக்கது

மாணவர்களே! அட்ஜே படமெடுத்த வீடுகள் பல இன்று இல்லை. அவர் கண்ட தெருவணிகரும் கந்தை பொறுக்கியோரும் மறைந்தனர். ஆயினும், எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட அவர்தம் படங்களால் அந்நகரத்தின் அன்றாட வாழ்வு நம் கண்முன் நிற்கின்றது. இப்பெரும்பணியை அவர் செல்வத்தாலோ பதவியாலோ செய்தாரல்லர். எளிய பொருளையும் இகழாது நோக்கினார். நோக்கியதைத் திரிக்காது பதிந்தார். பதிந்ததைச் சிதையாது காத்தார். இம்மூன்றுமே அவர் செய்தவை. தம் வேலையைக் கலையென்று அவர் பெருமை பேசவில்லை. உலகம் அதனைக் கலையென்று பின்னர் உணர்ந்தது.

நகரங்கள் மாறுதல் இயல்பு. மாறாதிருக்க வேண்டும் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், மாறுமுன் ஒருமுறை நின்று நோக்குதல் நம் கடமை. நாள்தோறும் நீங்கள் நடந்து செல்லும் தெருவில் எத்தனைக் கதவுகள் உள்ளன, அவற்றைச் செதுக்கிய கைகள் யாருடையவை, எந்தக் குரல் இவ்வாண்டு கேட்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். கருவி இருப்பவர் படம் எடுக்கலாம். இல்லாதவர் எழுதி வைக்கலாம். எதுவாயினும், பொய்யின்றிக் குறித்து வையுங்கள். இன்று அற்பமெனத் தோன்றும் அக்குறிப்பு, இனி வருவோர்க்குத் தம் ஊரை அறிவிக்கும் அரிய சான்றாதல் கூடும்.