வேலையை விட்டால் வேறு கம்பெனிக்குப் போகக் கூடாதா?

கேள்வி: வாகன உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். ராஜினாமா கொடுத்துவிட்டேன். 'இரண்டு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஹெச்.ஆர். மிரட்டுகிறார். சேரலாமா?
– ஒரு வாசகர், கோர்படி, புனே

பதில்: நோட்டீஸ் காலம் முடிந்து முறைப்படி விலகிய பிறகு, தாராளமாகச் சேரலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஒருவரது பிழைப்புக்கான தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது.

ஆனால், பணியில் இருக்கும் காலத்துக்கு விதிக்கப்படும் தடை செல்லும். உங்கள் மாநிலத்திலேயே நடந்த வழக்கு இது: கல்யாணில் டயர் நூல் தயாரித்த செஞ்சுரி ரேயான் கம்பெனியில் 5 வருட ஒப்பந்தத்தில் சேர்ந்த கோலிகாரி என்பவர், 1964-இல் பாதியிலேயே விலகி, அதே டயர் நூலைத் தயாரித்த கோட்டா ராஜஸ்தான் ரேயானில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவருக்கு விதிக்கப்பட்ட தடை சரியே என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தொழில் ரகசியம் தனி விஷயம். நீங்கள் கற்ற திறமை உங்களுடையது. கம்பெனியின் வரைபடமும் விலைப்பட்டியலும் உங்களுடையவை அல்ல. கடைசி வாரத்தில் ஃபைல்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது, பென் டிரைவில் ஏற்றுவது எல்லாம் பதிவாகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சிக்க அதுவே போதும்.

பயிற்சிச் செலவுக்கு பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லேப்டாப்பை ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தபின் புதிய வேலையில் சேருங்கள்.