ஒரு தெருவும் ஒரு மைக்கும்

லண்டனில் புதிதாகக் கமெரா வாங்குகிறவர்கள் முதலில் தேம்ஸ் கரைக்குத்தான் போவார்கள். டவர் பிரிட்ஜ், வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டு, மழை ஈரத்தில் மினுங்கும் சிவப்பு பஸ். நானும் அங்கேதான் தொடங்கினேன். கை பழகுவதற்கு நல்ல இடங்கள். அதற்கு மேல் அவை எனக்கு எதுவும் தரவில்லை. என் படங்களில் மாற்றம் வந்தது ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில். முருங்கைக்காயும் வாழைக்குலையும் வாசலிலேயே அடுக்கியிருக்கும் மரக்கறிக் கடைகள், புடவைக் கடைகள், நகைக் கடைகள், ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடைகள், இடையில் மகாலட்சுமி கோயில். தமிழ்நாட்டவர், ஈழத்தவர், மலையாளிகள் எல்லோரும் தோள் உரச நடக்கும் தெரு. வீட்டுச் சாமான் வாங்க நான் போகும் தெருவும் அதுதான்.

படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கையருக்கு நான் முதலில் சொல்வது, ஒரு தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதை விடாதீர்கள் என்பதே. இதற்கு லண்டனிலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். ரோஜர் மேய்ன் 1956இல் வட கென்சிங்டனில் இருந்த சவுதம் ஸ்ட்ரீட்டைக் கண்டார். ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெரு. 1961 வரை அங்கே திரும்பத் திரும்பப் போய், தெருவில் விளையாடும் பிள்ளைகளையும் சுவரில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களையும் எடுத்தார். பிறகு அந்தத் தெருவின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் ட்ரெலிக் டவர் நிற்கிறது. தெரு போய்விட்டது, மேய்னின் படங்களில் அதன் மனிதர்கள் இருக்கிறார்கள். டொன் மக்கலின் வழியும் இதுவே. போர்க்களப் படங்களால் உலகம் அறிந்த அவருடைய முதல் படம் 1959இல் ஒப்சேவர் பத்திரிகையில் வந்தது. குண்டு விழுந்து பாதி இடிந்த வீட்டில் நிற்கும் ஃபின்ஸ்பரி பார்க் இளைஞர் கும்பல் அது. அவர்களோடு அதே பகுதியில் வளர்ந்தவர் என்பதால்தான் அந்தப் படம் அவருக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த இளைஞர்கள் அப்படி நின்றிருக்க மாட்டார்கள்.

ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போகும்போது என்ன நடக்கிறது? முதலில் அலுப்பு வரும். எடுக்க இனி ஒன்றுமில்லை என்று தோன்றும். அந்த அலுப்பைத் தாண்டிய பிறகுதான் கண் திறக்கிறது. எந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்குப் பெட்டிகளை வெளியே இழுக்கிறார், பள்ளிக்கூடம் விட்டதும் எந்த மூலையில் பிள்ளைகள் கூடுகிறார்கள், கோயிலிலிருந்து வரும் மாமிமார் எந்தக் கடையில் பூ வாங்குகிறார்கள் என்பதெல்லாம் மனதில் படிந்துவிடும். நடக்கப் போவதை முன்கூட்டியே உணர்ந்து சரியான இடத்தில் நிற்க முடிகிறது. இதற்கு விலை உயர்ந்த கமெரா வேண்டாம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். சூம் இல்லாததால் ஆளுக்கு அருகே போகவேண்டி வரும். அருகே போனால் பேசவேண்டி வரும்.

எடுத்த படத்தைச் சின்னதாக அச்சடித்து அடுத்த முறை அவர் கையில் கொடுங்கள். போனில் அனுப்பிவிடுவதை விட இது பல மடங்கு பலிக்கும். மீன் வெட்டும் அண்ணை ஒருவருக்கு அவர் படத்தைக் கொடுத்தேன். அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்காரர், "தம்பி, எங்கட கடையையும் ஒருக்கா எடன்" என்றார். அதன் பிறகு அந்த வரிசையில் என் கமெராவைக் கண்டு முகம் திருப்பியவர்கள் மிகக் குறைவு.

லண்டன் வெளிச்சத்தைப் பற்றிக் குறை சொல்லாத தமிழர் இல்லை. டிசம்பர் நடுவில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆனால் படம் எடுப்பவருக்கு அந்த மாதம் ஒரு கொடை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பங்குனி சித்திரை நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே ஏறிவிடும். கண்குழியில் நிழல் விழும், முகம் கெடும். லண்டனில் மார்கழி நண்பகலிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 15 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. வானம் வெளித்தால் அன்று முழுக்கச் சாய்ந்த வெயில்தான். ஹை ஸ்ட்ரீட் நோர்த் ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுவதால், நண்பகலில் வெயில் தெரு நீளத்துக்கும் ஓடி வரும். எதிரே வருபவர் தலைமுடியின் ஓரமெல்லாம் ஒளிரும். மப்பு நாளில் கடை வாசலுக்குள் ஒரு அடி தள்ளி ஆளை நிறுத்தினால், தெரு முழுவதும் ஒரு பெரிய சாளரமாகி முகத்தில் மென்மையான ஒளி விழும். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா இருக்கிற வெளிச்சத்தை நம்பித்தான் தன் படங்களைச் செய்தார். அவருடைய சட்டகங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் எந்தச் சாளரத்தால் வருகிறது என்று தேடுங்கள். நான் பெற்ற மிகச் சிறந்த பயிற்சி அது.

அடுத்தது பெயர். இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன், 48 வயதில் மகள் பரிசளித்த கமெராவோடு 1863இல் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில், இன்று விக்டோரியா அன்ட் அல்பர்ட் எனப்படும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹெர்ஷல் எல்லோரும் அவர் முன் அமர்ந்தார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்குப் போய் அங்கேயே 1879இல் இறந்தார். இலங்கையிலும் அவர் படம் எடுத்தார். தோட்டத்து ஆட்களும் வேலையாட்களும் அதே கவனத்தோடு, அதே ஒளியில் நிற்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டார்வின் என்றும் டெனிசன் என்றும் பெயர் இருக்க, இலங்கையில் எடுத்தவற்றில் பெரும்பாலும் களுத்துறை விவசாயிகள், இலங்கைப் பெண் என்ற அளவோடு நின்றுவிட்டது. அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று இன்று தேடினாலும் கிடைக்காது. அந்த முகங்களைப் பார்த்த நாளிலிருந்து, ஆளிடம் பெயர் கேட்டு எழுதாமல் நான் படம் சேமிப்பதில்லை. ஆள் பெயர், ஊர், தெரு, தேதி. கமெராப் பையில் ஒரு சின்னக் கொப்பி போதும். நாற்பது ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளை தேடி வரும்போது அழகான சட்டகத்தை விட அந்த ஒரு வரிதான் உதவும்.

தெருவில் எடுக்க உரிமை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொது இடத்தில் படமோ வீடியோவோ எடுக்க இங்கே அனுமதி தேவையில்லை, தடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று லண்டன் பொலிசே தன் வழிகாட்டலில் சொல்கிறது. இந்தத் தெளிவு சும்மா வரவில்லை. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவைக் காட்டிப் படக்காரர்களை நிறுத்திச் சோதித்த காலம் இருந்தது. அதை எதிர்த்து 2010 ஜனவரியில் ட்ரபால்கர் சதுக்கத்தில் படக்காரர்கள் திரண்டார்கள். ஆனால் கனரி வோர்ஃப் போன்ற இடங்கள் தெரு போலத் தோன்றினாலும் தனியார் நிலம். காவலாளி நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். ட்ரபால்கர் சதுக்கத்தில் வணிகப் படப்பிடிப்புக்கு அனுமதி வாங்க வேண்டும். சுரங்க ரயில் நிலையங்களில் சொந்தத் தேவைக்கு எடுக்கலாம், ஆனால் ஃபிளாஷும் ட்ரைபொட்டும் கூடாது. பிள்ளைகள் சட்டகத்தில் பெரிதாக விழுந்தால் சட்டம் என்ன சொன்னாலும் பெற்றோரிடம் நான் கேட்டுவிடுவேன்.

இனி வீடியோ. படம் எடுத்துப் பழகியவர் வீடியோவுக்கு வந்ததும் கமெராவை ஆட்டத் தொடங்குகிறார். நடக்கிறார், சுற்றுகிறார், நடுக்கத்தைக் குறைக்கும் கிம்பல் வாங்குகிறார். அதற்கு முன் செய்யவேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. 1896 பெப்ரவரி 20ஆம் தேதி ரீஜென்ட் ஸ்ட்ரீட் பொலிடெக்னிக்கில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் லண்டனில் முதன்முதலாகக் காட்டப்பட்டன. அந்த அரங்கு இன்றும் ரீஜென்ட் ஸ்ட்ரீட் சினிமா என்ற பெயரில் இயங்குகிறது. அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நொடிதான். பெரும்பாலானவற்றில் கமெரா அசையாது. ரயில் வரும், தொழிலாளர் வெளியே வருவார்கள், குழந்தை சாப்பிடும். அதையே செய்யுங்கள். ட்ரைபொட்டில் கமெராவை வைத்து, ஒரே சட்டகத்தை 50 நொடி ஓட விடுங்கள். படம் எடுப்பவர் ஒரு கணத்தைப் பிடித்ததும் போய்விடுகிறார். இங்கே அந்தக் கணம் வருவதற்கு முந்திய பொறுமையும், அது போன பிறகு முகத்தில் மிஞ்சுவதும் சேர்ந்தே பதிவாகும். பூ கட்டும் ஒரு அக்காவின் விரல்களை இப்படி எடுத்தபோதுதான், இதைப் படமாக எடுத்திருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. எது படம், எது வீடியோ என்று பிரித்தறியும் அறிவு இந்தப் பயிற்சியில்தான் வளரும். அசைவு தேவையானால் அதன் பிறகு சேர்க்கலாம்.

இயந்திரப் பக்கத்தில் ஒன்றிரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் மலிவான எல்இடிப் பலகையும் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். பல போன்கள் நொடிக்கு 30 சட்டகம் என்ற கணக்கில் வருகின்றன. அது 60 ஹெர்ட்ஸ் அமெரிக்காவுக்குப் பொருந்தும். கடைக்குள் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடுவது இதனால்தான். 25 சட்டகமும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐபோனில் பிஏஎல் வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 கிடைக்கும். வெளி வெயிலில் அந்த ஷட்டருக்கு ஒளி கூடிவிடும், அதற்கு ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர். எக்ஸ்போஷரையும் வைட் பலன்ஸையும் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள், நடுவில் நிறம் மாறாது.

ஆனால் வீடியோவின் பாதி காதில் இருக்கிறது. என் முதல் செலவு புது லென்ஸாக இல்லாமல் சட்டையில் குத்தும் ஒரு மைக்காக இருந்ததை நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்றாகவே நினைக்கிறேன். ஆடும் படத்தைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், கேட்காத குரலைப் பொறுக்க மாட்டார். கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் இலங்கையின் தலைசிறந்த படக்கலைஞர், இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் படித்தவர். பேசில் ரைட் இயக்கிய 1934ஆம் ஆண்டின் 'சோங் ஒவ் சிலோன்' ஆவணப்படத்தில் வர்ணனைக் குரல் அவருடையது. அந்தக் காட்சிகள் இலங்கையில் ஒலியில்லாமல் எடுக்கப்பட்டவை. ஒலி முழுவதும் பிறகு இங்கிலாந்தில் சேர்க்கப்பட்டது. தேயிலை பறிக்கும் கைகளின் மேல் லண்டன் சந்தை விலைகளைச் சொல்லும் குரல்கள் ஒலிக்கும். படமும் ஒலியும் வேறு வேறு திசையிலிருந்து வந்து மோதும்போது மூன்றாவதாக ஒரு பொருள் பிறப்பதை நான் அங்கே கற்றேன். அதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்கிறேன். குளிர்பெட்டியின் இரைச்சல், தராசுச் சத்தம், வெளியே பஸ். வெட்டி ஒட்டும்போது அதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். மேற்கு ஈலிங் கனக துர்க்கை அம்மன் தேருக்கு ஓகஸ்டில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தவில் உச்சத்தில் இருக்கும்போது மைக்கின் அளவைச் சரிசெய்யுங்கள். மெதுவாக வாசிக்கும்போது சரிசெய்தால் உச்சத்தில் ஒலி கிழிந்துவிடும், கிழிந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சு உறை கட்டாயம்.

வருமானத்துக்கு நம்மவர்களிடம் கலியாண வீடும் சாமத்திய வீடும் அரங்கேற்றமும் இருக்கின்றன. அனுபவமுள்ள ஒருவருக்கு உதவியாளராகப் போவதே நல்ல பள்ளிக்கூடம். தாலி கட்டும் நேரத்தில் படமும் வீடியோவும் நானே எடுப்பேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் வேறு வேறு கவனம் வேண்டும், ஆளும் இரண்டு வேண்டும். 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவருக்கே படத்தின் உரிமை. ஆனால் அதே சட்டத்தின் 85ஆம் பிரிவு, குடும்பத் தேவைக்குப் பணம் கொடுத்து எடுப்பித்தவருக்கு அவை பொதுவில் வெளியாகாமல் தடுக்கும் உரிமையையும் தருகிறது. அதனால் மணப்பெண்ணின் படத்தை ரீல்ஸில் போடுமுன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சாமத்திய வீடென்றால் அது ஒரு சிறுமியின் படம் என்பதை மறக்க வேண்டாம். என் பக்கத்தில் அவற்றை நான் போடுவதே இல்லை.

மற்றவர் படங்களைத் திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல் அச்சில் பாருங்கள். ரமிலீஸ் ஸ்ட்ரீட்டில் இருக்கும் போட்டோகிராஃபர்ஸ் கேலரியை 1971இல் சூ டேவிஸ் தொடங்கினார். லூமியேர் படங்கள் காட்டப்பட்ட அரங்கிலிருந்து நடந்தே போகலாம். கறுப்பினப் படக்கலைஞர்களுக்காக 1988இல் உருவான ஓட்டோகிராஃப், ஷோரடிச்சில் ரிவிங்டன் பிளேஸில் இருக்கிறது. குடிபெயர்ந்த மக்கள் தங்களைத் தாங்களே எப்படிப் படமெடுத்தார்கள் என்பதை அங்கே போல் வேறெங்கும் நான் கண்டதில்லை. விக்டோரியா அன்ட் அல்பர்ட்டின் படப் பிரிவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. டெய்லர் வெசிங் உருவப்படப் போட்டிக்குத் தொடக்கநிலையாளரும் படம் அனுப்பலாம்.

கடை வாடகை ஏறுகிறது, பழைய முதலாளிமார் ஓய்வு பெறுகிறார்கள். வெம்பிளியிலோ டூட்டிங்கிலோ ஈஸ்ட் ஹாமிலோ நீங்கள் சாமான் வாங்கும் கடை அடுத்த ஆண்டு காணாமல் போகலாம். இந்தச் சனிக்கிழமை அங்கே போங்கள். முதலாளியின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள், ஒரு படம் எடுங்கள், கடையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டு வன்தட்டுகளில் சேமித்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.